வீட்ல எல்லாரும் சேர்ந்து படிக்கறோம்: கொய்னா மரத்தை "கண்டுபிடிச்சது" யாரு?

நொய்யலம்மா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா இங்க சும்மா படிச்சுட்டு போற ஆளு நானு, இன்னைக்குத்தான் முதல் தடவை இழை போடறேன். தப்பான பகுதியில போட்டிருந்தா அட்மின் நகர்த்தி விட்ருங்க.

எங்க வீட்ல ஜூன் மாசத்துல இருந்து ஒரு பழக்கம். ராத்திரி சாப்பிட்டு பாத்திரமெல்லாம் கழுவி கவுத்தி வெச்சதும் அரைமணி முக்காமணி நேரம் எல்லாரும் ஹால்ல உக்காந்து ஒரே புத்தகத்தைப் படிக்கறது. ஒருத்தர் சத்தமா படிப்பாங்க, மத்தவங்க கேக்கறது. இங்கிலீஷ் புத்தகமா இருந்தா வீட்டுக்காரர் வரிக்கு வரி தமிழ்ல சொல்லிட்டே வருவாரு, ஏன்னா அத்தையும் கூட உக்காருவாங்க, அவங்களுக்கு 78 வயசு. பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 8. நான் படிக்கற நாள்ல எல்லாரும் தூங்கிடறாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கு, அதை விடுங்க.

பெரியவளுக்கு ஸ்கூல்ல மலேரியா பாடம் நடந்துச்சு. அதை ஒட்டி மருந்துகளோட கதை பத்தி லைப்ரரில ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்தோம். அதுல ஒரு பக்கத்துல "1820ல பெல்லத்தியே, கவாந்தூன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க குயினைனைக் கண்டுபிடிச்சாங்க"ன்னு இருக்கு. ரெண்டு பக்கம் தள்ளி "ஆண்டீஸ் மலைவாசிங்க காய்ச்சல் நடுக்கத்துக்கு அந்த மரப்பட்டையை ரொம்ப காலமா குடிச்சுட்டு வந்தாங்க"ன்னு இருக்கு. சின்னவன் பாய்ல படுத்துட்டு கேட்டுட்டு இருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டான். "அவங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சுன்னா இவங்க எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க, அது வாங்கிட்டு வந்ததுதான?"ன்னு கேக்கறான்.

வீட்டுக்காரரு என்னைப் பாக்கறாரு, நான் அவரைப் பாக்கறேன்.

அப்பத்தான் அத்தை "என்ன மரம்? கொய்னாவா?"ன்னாங்க. குயினைனைத்தான் நம்ம பக்கம் கொய்னாம்பாங்க. அவங்க ஆனமலை அடிவாரத்துல பொறந்தவங்க. சின்னதுல குளிர்காய்ச்சல் வந்து நாலு போர்வை போத்தியும் நடுங்கிட்டுக் கெடந்தாங்களாம், அவங்கய்யா கொய்னா மாத்திரையை வெல்லத்துக்குள்ள பொதிஞ்சு வாயில போட்டு மூக்கைப் புடிச்சாராம். வெல்லம் கரைஞ்சதும் கசப்பு தொண்டையில வந்து நிக்கும், ரெண்டு நாள் காதுக்குள்ள வண்டு கத்தும்னாங்க. நாங்க பெரு, பாரிஸ்னு படிச்சுட்டு இருந்த சாமான் எங்க வீட்டுப் பாயிலயே உக்காந்திருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அதுல இருந்து ரெண்டு மாசமா ஒரே விஷயம்தான் படிக்கறோம். மலைவாசிங்க, ஆதிகுடிங்க வெச்சிருந்த வைத்தியம் எப்படி மருந்துக்கடைக்கு வந்துச்சு, வந்த வழியில யாரு பேரு நின்னுச்சு யாரு பேரு காணாமப் போச்சு. பெரியவ ஒரு லாங் சைஸ் நோட்டுல கோடு போட்டு இந்தப் பக்கம் "பேர் இருக்கறவங்க" அந்தப் பக்கம் "பேர் இல்லாதவங்க"ன்னு எழுதிட்டு வர்றா. அந்தப் பக்கத்துல எல்லாம் "ஒரு வேலைக்காரர்", "வழிகாட்டிகள்", "உள்ளூர் மக்கள்"னே நெறையுது.

உங்க வீட்ல இப்படி யாராச்சும் படிச்சிருக்கீங்களா? அடுத்து எதைப் படிக்கலாம்? சின்னவன் கேள்விக்கு நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

---

பெருங்காயம்

நல்ல விஷயம், ஆனா கொஞ்சம் தண்ணி தெளிக்கறேன் கோச்சுக்காதீங்க.

ஐரோப்பாக்காரங்களும் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைங்களை ஏத்திட்டு வந்த கப்பலும் போய் சேர்றதுக்கு முன்னாடி அமெரிக்கக் கண்டத்துல மலேரியாவே இல்லைன்னுதான் நிறைய வரலாற்று ஆளுங்க சொல்றாங்க. நோயே இல்லாத ஊர்ல மருந்து மட்டும் காலங்காலமா எப்படி இருந்திருக்கும்? அந்தப் பட்டையை மலேரியாவுக்குக் கொடுத்துப் பாத்தது 1600கள்ல லிமாவுல இருந்த ஜெசூட்ங்கற கத்தோலிக்க சபைப் பாதிரிங்களா இருக்கலாம். அதனாலதான் அதுக்கு ஜெசூட் பட்டைன்னே பேரு வந்துச்சு. பழங்குடின்னாலே எல்லாம் தெரிஞ்சவங்கன்னு புள்ளைங்க மண்டையில ஏத்தறது இன்னொரு வகை பொய். அப்பறம் அந்த ரெண்டு பிரெஞ்சுக்காரங்க ஒண்ணும் சும்மா இல்ல, பட்டையில எது வேலை செய்யுதுன்னு தனியா பிரிச்சு எடுத்ததுக்கு அப்பறம்தான் அளவு பாத்துக் கொடுக்கவே முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரு மரத்துல சத்து இருக்கும், பக்கத்து மரத்துல ஒண்ணும் இருக்காது.

---

வால்பாறைக்காரன்

@நொய்யலம்மா அக்கா உங்க அத்தை கதையைப் படிச்சதும் லாகின் பண்ணிட்டேன், பாஸ்வேர்டு மறந்து மூணு தடவை ரீசெட்.

எங்க ஊர் பக்கத்துல "சின்கோனா"ன்னே ஒரு ஊர் இருக்கு. பஸ் போர்டுலயே சின்கோனான்னுதான் போட்டிருக்கும். நான் பத்தாவது முடிக்கற வரைக்கும் அது ஏதோ வெள்ளைக்கார துரையோட பேருன்னு நெனச்சுட்டு இருந்தேன், கொய்னா மரத்தோட பேருன்னு யாரும் சொல்லல, வாத்தியாரும் சொல்லல. கவர்மெண்டு கொய்னாத் தோட்டம் போட்ட எடம் அது. கொய்னாவுக்கு மவுசு போனதும் மரத்தை எல்லாம் எடுத்துட்டு தேயிலை வெச்சுட்டாங்க, இப்ப அது டான்டீ, கவர்மெண்டு தேயிலைக் கம்பெனி. சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அங்கதான் வேலை குடுத்தாங்க. எங்க அம்மாயி பட்டை உரிச்சிருக்காங்க. உரிச்ச கையோட சோறு தின்னா சோறும் கசக்கும்னு சொல்லும்.

அது பெரு நாட்டு மரம்னு அம்மாயிக்குத் தெரியாது. அவ்ளோ தூரத்துல இருந்து யாரோ திருடிட்டு வந்து இங்க நட்டதை நாங்க உரிச்சிருக்கோம்.

---

நொய்யலம்மா

@பெருங்காயம் கோவமெல்லாம் இல்லைங்க. நீங்க சொன்னதை நேத்து ராத்திரி அப்படியே படிச்சுக் காட்டினேன். பெரியவ ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "அப்ப நடுக்கத்துக்குன்னு வெச்சிருந்தாங்க, மலேரியாவுக்கும் நடுக்கம்தான வரும், அதனாலதான அதைக் குடுத்துப் பாக்கணும்னே தோணியிருக்கும்"ன்னா. அந்தப் பட்டை கசாயம் நடுக்கத்தை நிறுத்தும்னு ஒருத்தருக்குத் தெரியாம இருந்திருந்தா காட்டுல ஆயிரம் மரம் இருக்கே, பாதிரியார் எந்த மரத்தைச் சுரண்டியிருப்பாரு? பாதி நீங்க சொல்றது, பாதி அவ சொல்றது. கினா-கினாங்கற கெச்சுவா (ஆண்டீஸ் மக்கள் பேசற மொழி) வார்த்தையில இருந்துதான குயினைன்னு பேரே வந்துச்சு, பேரு மட்டும் அவங்களுது.

இன்னொண்ணு, சின்ச்சோன் சீமாட்டி கதை. பெருவை ஆண்ட ஸ்பெயின் வைஸ்ராயோட மனைவிக்குக் காய்ச்சல் வந்து, பட்டை குடிச்சு பொழைச்சு, அவங்கதான் மூட்டை கட்டி ஸ்பெயினுக்குக் கொண்டு போய் ஏழைங்களுக்குக் குடுத்தாங்கன்னு குழந்தைங்க புத்தகத்துல எல்லாம் படம் போட்டு வந்திருக்கு. செடிகளுக்கெல்லாம் லத்தீன் பேரு வெச்ச லின்னேயஸ் 1742ல மரத்துக்கு அந்தம்மா பேரையே சின்கோனான்னு வெச்சாரு, அதுலயும் ஒரு எழுத்தை விட்டுட்டாரு. பின்னால வைஸ்ராயோட செயலாளர் எழுதின டைரியைப் புரட்டிப் பாத்தா அந்தம்மாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்ததாவே இல்லையாம். ஊருக்குத் திரும்பற வழியிலயே 1641ல கார்த்தஹேனாவுல இறந்துட்டாங்க, ஸ்பெயின் போய்ச் சேரவே இல்ல. சின்னவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "குடிக்காதவங்க பேரு மரத்துக்கு, குடிச்சவங்க பேரு நோட்டுல கூட இல்ல."

வால்பாறைக்காரன் தம்பி, நீங்க சொன்ன திருட்டுல எங்களை ரொம்ப உலுக்கினது மமானி கதை. மானுவல் இங்க்ரா மமானின்னு பொலிவியாவுல ஐமாராங்கற ஆதிகுடி ஆளு ஒருத்தரு. சார்லஸ் லெட்ஜர்னு ஒரு இங்கிலீஷ் வியாபாரிகிட்ட வேலை பாத்தவரு. எந்த மரத்துல சத்து அதிகம்னு பாத்தே சொல்லிடுவாராம். நல்ல விதை வேணும்னு லெட்ஜர் கேட்டதுக்கு நாலு வருஷம் காத்திருந்தாரு, ஒவ்வொரு வருஷமும் பனி விழுந்து பூ கருகிப் போச்சு. 1865லதான் விதை கெடைச்சு, மலையெல்லாம் தாண்டி நடந்து வந்து குடுத்தாரு. இங்கிலீஷ் கவர்மெண்டு வேண்டாம்னு சொல்லிடுச்சு, டச்சுக்காரங்க கொஞ்சூண்டு வாங்கி ஜாவாவுல வெதைச்சாங்க. 1930கள்ல உலகத்துக் கொய்னாவுல பெரும்பகுதி அந்த ஜாவாவுல இருந்துதான் போச்சு. மரத்துக்கு என்ன பேரு வெச்சாங்க தெரியுமா, லெட்ஜரியானா. மமானி மறுபடி விதை எடுக்கப் போனப்போ புடிச்சு ஜெயில்ல போட்டு அடிச்சாங்க, அந்த அடியிலயே செத்துட்டாரு.

அன்னைக்கு வீட்டுக்காரர் படிக்கறதை நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போயிட்டாரு. பெரியவ நோட்டுல முதல் தடவையா ஒரு பேரை அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் அம்புக்குறி போட்டு நகர்த்தினா.

---

கசாயப்பிரியன்

அருமையான இழை சகோ. இந்த சின்கோனா பட்டை ஆன்லைன்ல பவுடரா விக்கறாங்க பாத்தேன். காய்ச்சல் வந்தா புள்ளைங்களுக்கு அரை ஸ்பூன் கொதிக்க வெச்சுக் குடுக்கலாமா? இயற்கைதான, சைடு எஃபெக்ட் இருக்காதுல்ல?

---

மூணாமாண்டு_சித்தா

@கசாயப்பிரியன் அண்ணா வேண்டாம். வேண்டவே வேண்டாம். நான் சித்த மருத்துவம் படிக்கற பொண்ணு, அதனால ஆங்கில மருத்துவ ஆளுன்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க.

நொய்யலம்மா அக்காவோட அத்தை சொன்னாங்கல்ல காதுக்குள்ள வண்டு கத்துச்சுன்னு, அது கதைக்காகச் சொன்னது இல்ல. கொய்னா உடம்புல ஏறினதோட அடையாளமே அந்த இரைச்சல்தான். கொஞ்சம் கூடிச்சுன்னா கண்ணு மங்கும், இதயத் துடிப்பு தாறுமாறா போகும். பவுடர்ல எவ்ளோ சத்துன்னு யாருக்கும் தெரியாது. காய்ச்சல்னா ரத்தம் டெஸ்ட் பண்ணி என்ன காய்ச்சல்னு பாக்கணும், டெங்குவா இருந்தா கொய்னா ஒண்ணுமே பண்ணாது.

இயற்கைன்னா சைடு எஃபெக்ட் இல்லைன்னு சொல்றவங்களுக்கு எங்க காலேஜ் மூலிகைத் தோட்டத்துல முதல் நாளே ஒரு கொடியைக் காட்டுவாங்க. செங்காந்தள். நம்ம மாநிலப் பூ, பாக்க தீபம் ஏத்தின மாதிரி இருக்கும். கண்வலிக்கிழங்குன்னு வெதைக்காக நம்ம பக்கம் விவசாயமே பண்றாங்க. அதுல இருக்கற கோல்சிசின் மூட்டுவாத மருந்து, ஆனா கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு வேக வெச்சுத் தின்னு செத்தவங்க இருக்காங்க. எங்க பாடத்துல அதை நச்சுப் பொருள்லதான் வெச்சிருக்கு, நஞ்சு நீக்கி சுத்தி பண்ணாம தொடக் கூடாது.

சரி இழைக்கு வர்றேன். அக்கா, நீங்க மலேரியாவுல ஆரம்பிச்சதால அடுத்து சீனாவுக்குப் போங்க. தூ யூயூன்னு ஒரு அம்மா, 2015ல நோபல் வாங்கினாங்க. 1967ல வியட்நாம் போர் நடந்தப்ப மலேரியாவுக்கு மருந்து தேடச் சொல்லி சீன அரசாங்கம் ஆரம்பிச்ச ரகசியத் திட்டத்துல வேலை பாத்தவங்க. பழைய வைத்திய ஏடெல்லாம் தேடி சிங்ஹாவ்ங்கற செடியைப் புடிச்சாங்க. ஆனா சோதனையில ஒரு தடவை வேலை செய்யுது, மறுதடவை செய்யல. திரும்ப ஏட்டைத்தான் எடுத்துப் படிச்சாங்க. நாலாம் நூற்றாண்டுல கோ ஹொங்னு ஒருத்தர் எழுதினது, ஒரு கைப்பிடி சிங்ஹாவ் எடுத்து தண்ணியில ஊற வெச்சு புழிஞ்சு சாறைக் குடின்னு ஒரே வரி. கொதிக்க வைன்னு எழுதவே இல்ல! சூடு பட்டா மருந்து கெட்டுப் போகுதோன்னு அந்த வரியில இருந்துதான் அவங்களுக்குப் பொறி தட்டுச்சு. குறைஞ்ச சூட்டுல ஈதர்ங்கற திரவத்தை வெச்சு எடுத்துப் பாத்தாங்க, எலிக்கு வேலை செஞ்சுது, அப்பறம் மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி தானே குடிச்சுப் பாத்தாங்க.

இதை எங்க வகுப்புல ஒரு மேடம் சொன்னப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு. ஏன்னா சித்தாவுல அக மருந்து (உள்ளுக்குக் குடுக்கறது) 32ல சுரசம், சாறு, குடிநீர், கற்கம்னு தனித்தனியா பிரிச்சிருக்கு. சாறுன்னா புழியறது, குடிநீர்னா காய்ச்சறது. பரீட்சைக்கு இதையெல்லாம் ஏன்டா மனப்பாடம் பண்ணணும்னு நெனச்சிருக்கேன். ரெண்டுக்கும் ஆயுசு ஒரு சாமம்தான், அதாவது 3 மணி நேரம், அதுக்கு மேல வெச்சுக் குடிக்கக் கூடாது. பாட்டிங்க காலையில காய்ச்சினதை சாயங்காலம் கீழ ஊத்திடுவாங்கல்ல, அதுதான்.

---

கசாயப்பிரியன்

சரிம்மா, ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன் 😅

---

கோதையாறு

நான் கன்னியாகுமரி மாவட்டம், பேச்சிப்பாறைக்கு மேல. நீங்க பெருவும் சீனாவும் போறது நல்லதுதான், ஆனா எங்க மலையில நடந்த கதையை விட்டுட்டு எங்க போறீங்கன்னு கேக்கத் தோணிச்சு.

அகத்தியமலை பக்கம் காணிக்காரங்கன்னு மலைவாசிங்க உண்டு, கேரளத்துலயும் இருக்காங்க எங்க மாவட்டத்துலயும் திருநெல்வேலி பாபநாசம் மேலயும் இருக்காங்க. ஸ்டேட் பார்டர் போட்டது நாம, அவங்களுக்கு மலை ஒண்ணுதான். 1987ல புஷ்பாங்கதன்னு ஒரு விஞ்ஞானி டீமோட அந்த மலை ஏறியிருக்காரு. கூட வழிகாட்ட காணிக்காரங்க. சார்மாரெல்லாம் நாக்கு தள்ளி உக்காந்துட்டாங்க, காணிக்காரங்க மட்டும் ஏதோ சின்னக் காயைக் கடிச்சுக்கிட்டு சுறுசுறுப்பா நடக்காங்க. என்னதுன்னு கேட்டா முதல்ல சொல்லல. எங்க மூத்தவங்க வெளியில சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க. ரொம்ப வற்புறுத்தின பொறவுதான் காட்டிக் குடுத்தாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோடுல உள்ள தாவரவியல் தோட்டத்து ஆராய்ச்சி நிலையத்துல அதை ஆராய்ஞ்சு, கூட வேற மூலிகையும் சேத்து "ஜீவனி"ன்னு மருந்து பண்ணினாங்க. கோயம்புத்தூர்ல உள்ள ஒரு ஆயுர்வேத கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்தாங்க, 10 லட்சம் ரூபாயும் விற்பனையில 2 சதவீதமும். அதுல பாதி காணிக்காரங்களுக்குன்னு வெச்சு, 1997ல அவங்க பேருல ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணினாங்க. அறிவைக் குடுத்தவங்களுக்கு லாபத்துல பங்குன்னு உலகத்துலயே முதல்ல நடந்த சில காரியங்கள்ல இது ஒண்ணுன்னு ஐநா வரைக்கும் பேசினாங்க, புஷ்பாங்கதனுக்கு விருதும் குடுத்தாங்க.

இதுவரைக்கும் கதை நல்லாத்தான் போவும். பொறவு உள்ளதையும் புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. காட்டிக் குடுத்தது ரெண்டு மூணு பேரு, ஒரு பக்கத்து ஊர்க்காரங்க. மத்த ஊர் காணிக்காரங்க, எங்ககிட்ட யாருமே கேக்கலியேன்னாங்க. அவங்கள்ல வைத்தியம் பாக்கவங்களை பிலாத்தின்னு சொல்லுவாங்க, அந்த பிலாத்திமாருல பலருக்கு இது பிடிக்கல. இது விக்கதுக்குள்ள சாமான் இல்ல, நோய்க்காரனுக்குக் குடுக்க வேண்டியதுன்னு நெனைக்கவங்க அவங்க. அப்புறம் இலை பறிக்கதுல வனத்துறைக்காரங்களோட பிரச்சினை, காட்டுல இருந்து எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.

நான் காணிக்காரன் இல்ல, ரப்பர் வெட்டுத தொழில். பக்கத்துல இருந்து பாத்ததை வெச்சு சொல்லுகேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டா உண்டு, எந்த வேரைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டு "அது சும்மா வேருடே"ம்பாரு. இருபது வருசமா அந்த ஒரே பதில்தான்.

---

பெருங்காயம்

@கோதையாறு அண்ணே இது நல்ல பதிவு. ஆனா இதுல எனக்கு ஒரு சிக்கல். சொல்லாம வெச்சுக்கிட்டா அறிவு அந்தப் பாட்டாவோட போயிடும். சொன்னா கம்பெனி எடுத்துக்கும். 1995ல மஞ்சள் காயத்தை ஆத்தும்னு அமெரிக்காவுல பேடண்ட் குடுத்துட்டாங்க, நம்ம சிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) பழைய புத்தகங்களைக் கொண்டு போய் நீட்டி 1997ல ரத்து பண்ண வெச்சாங்க. அங்க ஜெயிச்சது எதனால? எழுதி வெச்சிருந்ததனால. எழுதாத அறிவுக்கு கோர்ட்ல சாட்சி ஏது?

---

கோதையாறு

மஞ்சள் எல்லா வீட்டுலயும் உள்ளது, அதுக்கு எழுத்து சாட்சி போதும். ஆரோக்கியப்பச்சை அப்படி இல்லலா. ஊருக்கெல்லாம் தெரிஞ்சதை எவனும் சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு சொல்லுகது வேற, ஒரு கூட்டம் பொத்தி வெச்சதை எல்லாருக்கும் பொதுன்னு ஆக்குகது வேற. எழுதணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும், நாம ரெண்டு பேரும் இங்க டைப் அடிச்சு முடிவு பண்ண முடியாது.

---

வாளையார்_தாண்டி

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு புத்தகத்தை வெக்கறேன். ஹோர்த்துஸ் மலபாரிகுஸ், மலபார் செடிகளைப் பத்தின பழைய லத்தீன் புத்தகம். நாங்க பாலக்காட்டுல இருக்கற தமிழ்க் குடும்பம், பொண்ணுக்கு ஸ்கூல்ல மலையாளம், வீட்ல தமிழ். அவளோட சேர்ந்து லாக்டவுன்ல இதைப் பாத்தோம். படம் எல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல இலவசமாவே இருக்கு.

கொச்சியில டச்சு கவர்னரா இருந்த வான் ரீட் பண்ண வெச்சது. ஆம்ஸ்டர்டாம்ல 1678ல இருந்து 1693 வரைக்கும் 12 பாகம். அதுல இருக்கற மருந்து விவரத்துல பெரும்பகுதி இட்டி அச்சுதன்ங்கற ஈழவ வைத்தியர் சொன்னது, சேர்த்தலை பக்கம் கடக்கரப்பள்ளிக்காரரு. கூட ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட்னு மூணு கொங்கணி வைத்தியர்கள். முக்கியமான விஷயம் என்னன்னா முதல் பாகத்துலயே இவங்க கைப்பட எழுதின சாட்சிப் பத்திரத்தை அச்சடிச்சிருக்காங்க. இட்டி அச்சுதன் கோலெழுத்துல (மலையாளத்தை எழுதின பழைய எழுத்து) எழுதி 1675னு தேதி போட்டிருக்காரு, எங்க குடும்பத்து ஏட்டுல உள்ளதையும் கைப்பழக்கத்துல தெரிஞ்சதையும் சொன்னேன்னு. 350 வருஷத்துக்கு முன்னாடி, சாதிக்கட்டு உச்சத்துல இருந்த காலத்துல, ஒரு ஈழவரோட பேரு ஆம்ஸ்டர்டாம் புத்தகத்துல.

எங்க பொண்ணுக்குப் புடிச்சது அது இல்ல. லத்தீன் புத்தகமாச்சே என்னத்தைப் படிக்கறதுன்னு நெனச்சு முதல் படத்தைத் திறந்தா தென்னமரம். மேல "தெங்ஙா"ன்னு போட்டிருக்கு. மலையாள எழுத்துல, அரபியில, நாகரியில எல்லாம் பேரு. அடுத்தது கவுங்கு. அப்பறம் கரிம்பனை, அப்பறம் வாழை. "அப்பா எனக்கு லத்தீன் படிக்கத் தெரியுதே"ன்னு குதிச்சா. ஒரு வாரம் தினமும் பத்து படம், பேரை மட்டும் வாசிச்சு இது நம்ம எந்தச் செடின்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை. எங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாதிக்கு மேல கண்டுபிடிச்சுட்டாங்க.

முழுசா படிக்கணும்னா மணிலால் சார் பண்ண மொழிபெயர்ப்பு இருக்கு, அந்த மனுஷன் வாழ்க்கையையே இதுக்குக் குடுத்தாரு. இங்கிலீஷ் 2003, மலையாளம் 2008, கேரளப் பல்கலைக்கழகம் போட்டது. விலை அதிகம், லைப்ரரிதான் வழி.

ஆனா பெருங்காயம் சார், பேரு போட்டும் என்ன ஆச்சு? இட்டி அச்சுதனோட ஏடும் கெடைக்கல, படமும் கெடைக்கல. பேரு போட்டா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல.

---

ரெட்டைவால்_அம்மா

எல்லாம் சரி அக்கா, எங்க வீட்டு வாண்டுங்க ரெண்டும் பத்து நிமிஷம் உக்காரதே பெருசு. இவ்ளோ கனமான விஷயம் எப்படி உக்காந்து கேக்குதுங்க? அடிச்சா, லஞ்சமா?

---

நொய்யலம்மா

லஞ்சம்தான், கடலை உருண்டை. பாதி நாள் சின்னவன் தலைகீழா நின்னுட்டுத்தான் கேப்பான். எனக்குத் தெரிஞ்ச ஒரே சூத்திரம், சுவாரசியமான எடத்துல புத்தகத்தை மூடிடணும். மமானிக்கு நாலாவது வருஷமும் பூ கருகினதோட அன்னைக்கு மூடிட்டோம், மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து ஷூவைக் கழட்டாம கேட்டான் விதை கெடைச்சுதான்னு.

---

நொய்யலம்மா (மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் ஒரு அப்டேட், பெருசா இருக்கும் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு புலம்பல். சின்னவன் ஸ்கூல்ல ஒரு வொர்க்‌ஷீட், மலேரியா மருந்து குயினைனைக் கண்டுபிடிச்சது யாருன்னு. இவன் "ஆண்டீஸ் மக்கள் கண்டுபிடிச்சாங்க, பெல்லத்தியே கவாந்தூ பிரிச்சாங்க"ன்னு எழுதியிருக்கான். தப்புன்னு சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. நான் போய்ப் பேசலாம்னு கெளம்பினேன், அவன் "விடும்மா, அவங்க அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கல போல"ன்னுட்டான்.

அப்பறம் போன சனிக்கிழமை நடுவட்டம் போனோம். ஊட்டியில இருந்து கூடலூர் போற வழியில. 1860ல மார்க்கம்ங்கறவர் தலைமையில தென் அமெரிக்காவுல இருந்து விதையும் நாத்தும் எடுத்துட்டு வந்தாங்கல்ல, அதை ஊட்டி தோட்டத்து மெக்கைவர் நட்டு வளத்த எடங்கள்ல நடுவட்டமும் ஒண்ணு. கொய்னா ஃபேக்டரியே அங்க இருந்துச்சு. பழைய ஜெயில் கட்டடம் இன்னும் நிக்குது, மலாக்கா சிங்கப்பூர் பக்கம் இருந்து கொண்டு வந்த சீனக் கைதிங்களை அந்தத் தோட்டத்துல வேலை வாங்கியிருக்காங்க. பெரியவ அங்கயே நோட்டை எடுத்து அந்தப் பக்கத்துல "சீனக் கைதிகள்"னு எழுதிட்டா.

சுத்தி முழுக்க தேயிலைதான். கொழுந்து எடுத்துட்டு இருந்த ஒரு அக்காகிட்ட கொய்னா மரம் இருக்கான்னு கேட்டோம், சரிவுல ஒரு ஓரமா நின்னதைக் காட்டினாங்க. நாங்க பெருசா எதிர்பாத்துப் போனோம், சாதாரண மரம், இலை மட்டும் அகலமா நரம்பு தெரிஞ்சுட்டு. அந்த அக்கா கீழ கெடந்த ஒடைஞ்ச கிளையில கொக்கியால பட்டையை லேசா கீறி விட்டாங்க. கீறின எடம் முதல்ல வெளிறி இருந்துச்சு, நாங்க பேசிட்டு இருக்கும்போதே செவந்துடுச்சு. சின்னவன் யாரும் பாக்காதப்ப விரல்ல தொட்டு நாக்குல வெச்சுட்டான். (சித்தா தங்கச்சி மன்னிக்கணும்.) கூடலூர் வர்ற வரைக்கும் துப்பிட்டே வந்தான், ரெண்டு கமர்கட்டு வாங்கிக் குடுத்தும் தீரல. அத்தை வண்டியில உக்காந்துட்டு அவன் மூஞ்சியைப் பாத்து அப்படி சிரிச்சாங்க, எழுவது வருஷத்துக்கு அப்பறம் பழிவாங்கின மாதிரி.

வாளையார் அண்ணா சொன்ன தெங்ஙா விளையாட்டும் நடக்குது. அத்தைதான் சாம்பியன். அதுல ஒரு நாள் பெரியவ கேட்டா, ஆத்தா உனக்கு இவ்ளோ செடி யாரு சொல்லிக் குடுத்தான்னு. அத்தை சின்னதுல மலசர்ங்கற மலைவாசி வீட்டு அம்மா ஒருத்தங்க காட்டுல இருந்து தேனும் கிழங்கும் கொண்டு வந்து குடுக்க வருவாங்களாம், அந்தம்மா பின்னாடியே சுத்தினதுல தெரிஞ்சுக்கிட்டதாம். இருவது வருஷமா நான் இந்த வீட்ல இருக்கேன், எங்க வீட்டு வைத்தியம்னு அத்தை சொன்னதெல்லாம் அங்க இருந்து வந்ததுன்னு இப்பத்தான் தெரியுது. அந்தம்மா பேரு என்னன்னு பெரியவ நோட்டைப் பிரிச்சு வெச்சுட்டு கேட்டா. அத்தை ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "மலசச்சின்னுதான் கூப்புடுவோம். பேரு கேட்டதில்லையே சாமி"ன்னாங்க. அதுக்கப்பறம் அன்னைக்கு அவங்க சரியா சாப்பிடல.

மறுநாள் பெரியவ ஒவ்வொரு மருந்தா எழுத ஆரம்பிச்சா. ஆறேழு சொன்னாங்க, சளிக்கு, சுளுக்குக்கு, கொழந்தைக்கு வயித்து வலிக்கு. ஒண்ணு மட்டும், பிரசவத்துக்கு அப்பறம் குடுக்கறது, எனக்கும் குடுத்திருக்காங்க, அதைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அந்தம்மா சொல்லாதன்னு சொல்லித்தான் காட்டினாங்களாம். நான் குடிச்சிருக்கேன், என்னன்னு எனக்கே தெரியாது. பெரியவ அந்த எடத்துல நம்பர் மட்டும் போட்டுட்டு வரியை வெறுமனே விட்டுட்டா.

---

கோதையாறு

உங்க அத்தைக்கு எங்க பாட்டா சார்பா ஒரு வணக்கம் சொல்லிடுங்க.

---

பெருங்காயம்

வெறும் வரி போட்டது சரிதான். நான் சொன்ன சாட்சி விஷயத்தை வாபஸ் வாங்கல, ஆனா அந்த வரியை நிரப்பச் சொல்லவும் மாட்டேன்.

---

ரெட்டைவால்_அம்மா

அக்கா நடுவட்டத்துக்கு ஊட்டியில இருந்து பஸ் இருக்கா, இல்ல கார்தான் எடுக்கணுமா? வாண்டுங்க ரெண்டும் அந்த மரத்தை நக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க.

---

வால்பாறைக்காரன்

கூடலூர் பஸ் எல்லாம் அந்த வழியாத்தான் போகும்ங்க. வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கோங்க, வளைவு ஜாஸ்தி.